மூதூர் பஸ்ஸில் ஒரு உலக முடிவு

உலகம் ஒரு நாள் நின்றுபோகிறது, அதற்குப் பிறகு மிஞ்சினவர்கள் எப்படிச் சீவிக்கிறார்கள் என்கிற கதைகள் எனக்கு உயிர். படமாக வந்தால் பார்ப்பேன், புத்தகமாகக் கிடைத்தால் வாசிப்பேன். ஆனால் இப்போது கொஞ்சக் காலமாக அதையே காதால் கேட்டுக்கொண்டு திரிகிறேன், கேட்பதில் இருக்கிற ருசி மற்ற இரண்டிலும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். கேட்பது வில்லியம் ஆர். ஃபோர்ஸ்ட்சென் என்ற அமெரிக்க எழுத்தாளரின் தொடர். முதல் நாவல் ‘வன் செக்கன்ட் ஆஃப்டர்’ 2009இல் வந்தது, இரண்டாவது ‘வன் இயர் ஆஃப்டர்’ 2015இல், மூன்றாவது ‘த ஃபைனல் டே’ 2017இல், நாலாவது ‘ஃபைவ் இயர்ஸ் ஆஃப்டர்’ 2023இல். எழுதினவர் வரலாற்றுப் பேராசிரியர். முதல் நாவலின் ஒலிநூலை வாசித்தவர் ஜோ பரெட். அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, முதலில் கதை.

வட கரோலைனாவில் மலைகளுக்கு நடுவில் பிளாக் மவுண்டன் என்று ஒரு சின்ன ஊர், உண்மையிலேயே இருக்கிற ஊர். அங்கே ஜோன் மதர்சன் என்றொரு முன்னாள் இராணுவ அதிகாரி, மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், இரண்டு மகள்மாரோடு இருந்துகொண்டு கல்லூரியில் வரலாறு படிப்பிக்கிறார். சின்னவளுடைய பிறந்தநாளன்று பின்னேரம் கரண்ட் போகிறது. போன் இல்லை, ரேடியோ இல்லை, பெருந்தெருவில் ஓடின வாகனங்கள் எல்லாம் நின்ற நின்ற இடத்தில் நிற்கின்றன. மிக உயரத்தில் அணுகுண்டு வெடித்து, அதில் எழும்பின மின்காந்தத் துடிப்பு நாட்டின் மின்சாரக் கட்டமைப்பையே பொசுக்கிவிட்டது என்பது அவர்களுக்கு உடனே தெரியாது. கேட்கிற எங்களுக்கும் மெல்ல மெல்லத்தான் தெரியவரும்.

இதை ஆசிரியர் வெறுமனே கற்பனையில் பிடிக்கவில்லை. 1962 ஜூலையில் அமெரிக்கா பசிபிக் கடலில் ஜோன்ஸ்டன் தீவுக்கு மேலே, 400 கிலோமீற்றர் உயரத்தில், 1.4 மெகாதொன் குண்டு ஒன்றை வெடிக்கவைத்துப் பார்த்தது. 1,400 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. அப்போது வீட்டுச் சாமான்களுக்குள் மைக்ரோசிப் வராத காலம். இப்போது வீட்டில் எதைத் தொட்டாலும் அதற்குள் ஒன்று இருக்கிறது.

எனக்கு வேலை மூதூரில், வீடு திருகோணமலை டவுனில். காலையில் பஸ் ஏறினால் சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியாப் பாலம், உப்பாறு, மகாவலி கங்கை என்று தாண்டி மூதூர். முன்னே இந்தப் பாதையில் ஆற்றுக்கு ஆறு பாதைப்படகுக்குக் காத்து நிற்கவேண்டும், இல்லாவிட்டால் ஜெற்றியில் லோஞ்ச் பிடித்துக் கடலால் போகவேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தார்கள், மற்றவை 2011க்குள் முடிந்தன. இப்போது ஒரே ஓட்டம். அந்த ஓட்டம் எனக்குக் கதைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. சீற் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இயர்போனைக் காதில் மாட்டிவிடுவேன், பிறகு பஸ்ஸில் போடுகிற பாட்டும் கொண்டக்டரின் சத்தமும் எங்கேயோ தூரத்தில்.

சரி, குரல். ஜோ பரெட் நடிக்கிறவர் இல்லை. அவர் சொல்கிறவர். வயதான, கொஞ்சம் கரகரத்த, அவசரமே படாத குரல். அழுகை வரவேண்டிய இடத்தில் அழுதுகாட்டுவதில்லை, பயப்படவேண்டிய இடத்தில் கத்துவதில்லை. அத்தியாயம் தொடங்கும்போது எத்தனையாம் நாள் என்று ஒரு வார்த்தை. நாள் இரண்டு. நாள் பத்து. புத்தகத்தில் அந்த வரியைக் கண் தாண்டிப் போய்விடும். காதில் விழும்போது அப்படிப் போக முடியாது. இடையில் எத்தனை நாள் விழுங்கப்பட்டது, அந்த நாட்களில் அந்த ஊரில் சமையல் என்ன நடந்திருக்கும், யார் செத்திருப்பார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்குகிறது. அடுத்த வசனம் வருமுன்னர் வயிற்றுக்குள் ஒரு இறுக்கம் வந்துவிடும்.

இந்த வகைக் கதைகளில் எனக்குப் பிடித்ததே கணக்குத்தான். துப்பாக்கிச் சண்டைகள் வரும், அவை எல்லாக் கதையிலும் வருகிறவை. ஆனால் ஊர்ச் சபை கூடி, கடைகளில் இருக்கிற சாமான் இவ்வளவு, வாய்கள் இவ்வளவு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி கொடுத்தால் அடுத்த அறுவடை வரைக்கும் இழுக்கலாம் என்று இருந்து பேசுகிற இடம் இருக்கிறதே, அதுதான் உயிர்நாடி. வாசிக்கும்போது இப்படியான பக்கங்களை நான் வேகமாகப் புரட்டியிருப்பேன். ஒலிநூலில் புரட்ட முடியாது. அந்த ஆள் ஆறுதலாக ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டு போகிறார், நானும் பஸ் கம்பியைப் பிடித்தபடி அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளாக நின்று கேட்கிறேன்.

அதிலும் இன்சுலின் கணக்கு. ஜோனின் சின்ன மகள் ஜெனிஃபருக்கு முதலாம் வகை நீரிழிவு. இன்சுலின் இல்லாமல் அந்தப் பிள்ளை இருக்க முடியாது. தகப்பன் தொடக்கத்திலேயே மருந்துக்கடைக்கு ஓடிக் கிடைத்ததை வாங்கி வைக்கிறார். அதற்குப் பிறகு முழு நாவலுக்கும் அடியில் அந்தக் குப்பிகளின் எண்ணிக்கைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊர் எரிந்தாலும், பெருந்தெருவில் சண்டை நடந்தாலும், எனக்கு ஒரே கேள்வி: குப்பி இன்னும் எத்தனை? இன்சுலினைக் குளிரில், 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கவேண்டும். திறந்த குப்பியைச் சாதாரண அறையில் ஒரு மாதமளவு வைத்துப் பாவிக்கலாம் என்பார்கள், அது வெக்கை இல்லாத அறை என்றால். எங்கள் ஊரில் சோளகம் அடிக்கிற மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 34, 35 பாகை நிற்கும். மண்பானைக்குள் ஈரமணல் போட்டு அதற்குள் மருந்தைப் புதைத்து வைக்கிற வழக்கம் வீணாக வந்ததில்லை.

அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று நான் எழுதமாட்டேன். கேட்கப்போகிறவர்கள் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் இவ்வளவுக்கு ஓடாது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அவ சமைத்துக்கொண்டிருக்கும்போது அன்றைக்குக் கேட்டதைத் தமிழில் சொல்லுவேன். அது இப்போது வழக்கமாகிவிட்டது, நான் வந்து முகம் கழுவுமுன்னரே “என்னவாம் இண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு?” என்று தொடங்கிவிடுவா. அம்மா கல்யாணம் முடித்துத்தான் திருகோணமலைக்கு வந்தவ, அதற்கு முன்னர் யாழ்ப்பாணம். 1990இல் யுத்தத்தால் அங்கே கரண்ட் நின்றபோது அவவுக்குப் பெரிய பிள்ளை வயது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி எல்லாம் அரசாங்கம் தடைசெய்த சாமான் பட்டியலில் இருந்த காலம். அதனால் அவ கதையைக் கேட்கிற விதமே வேறு. நான் பெருந்தெருவில் நின்றுபோன கார்களை விவரித்தால், அவ திருவலையில் தேங்காயைத் திருவினபடி, “கிணறு இல்லையே அவைக்கு?” என்று கேட்பா. கிணறு இருக்கு அம்மா, ஆனா மோட்டர் வேலை செய்யாது. “ஏன், துலா போடத் தெரியாதோ? வாளியும் கயிறும் இல்லையோ?” பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, “உப்புக்கு என்ன செய்தவை? கடல் கிட்ட இல்லையெண்டால் உப்புத்தான் முதல் பிரச்சினை” என்றா. நாவலில் உப்பு பற்றி வந்ததோ என்று நான் பின்னுக்கு ஓடவிட்டுத் தேடினேன்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த வாகனம் ஜோனின் மாமியாருடைய பழைய எட்சல் கார், 1959இல் செய்தது. புது வாகனங்களில் எலெக்ட்ரோனிக்ஸ் எல்லாம் பொசுங்கிவிட, எதுவுமே இல்லாத அந்தப் பழங்கார்தான் ஓடுகிறது. ஊரே வாயைப் பிளந்து பார்க்கிறது. இதைச் சொன்னதும் அம்மா தேங்காயை வைத்துவிட்டுச் சிரித்தா. யாழ்ப்பாணத்தில் அந்த நாளில் ஓடினதெல்லாம் ஒஸ்ரின் கேம்பிறிச்சும் மொறிஸ் மைனரும்தானே. பெற்றோல் ஒரு போத்தல் பவுண் விலை, ஆகவே காபரேட்டருக்குள் ஒரு சொட்டு மட்டும் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பின்னால் ஒரு கருநீலப் புகை. அம்மப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அப்படி ஒரு காரில்தான், வழியில் நின்றுவிடக்கூடாது என்று ட்ரைவர் ஒரு இடத்திலும் எஞ்சினை நிற்பாட்டவேயில்லையாம், ஆஸ்பத்திரி வாசலில் ஆளை இறக்கும்போதும் உறுமிக்கொண்டே நின்றதாம்.

விளக்கும் அப்படித்தான். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறுகிற அளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் ஒரு மெல்லிய திரி. அந்த வெளிச்சத்தில்தான் அம்மா ஓலெவல் படித்தவ. உடுப்புத் தோய்க்கப் பனங்களி. செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிட்டு வைத்து, ஒரு ஆள் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும், பிபிசி தமிழோசைக்கு முழு ஒழுங்கையும் அந்த முற்றத்தில் கூடும். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் இறங்கிப்போகும். அம்மா அதைச் சொன்ன நாளில் இருந்து எனக்கு இந்த ஒலிநூல் கேட்கிற சங்கதியே வேறு மாதிரி ஆகிவிட்டது. கரண்ட் இல்லாத ஊரில் கடைசிவரைக்கும் மிஞ்சுவது குரல்தான். நாவலிலும் அதுதான் நடக்கிறது, பேப்பர் இல்லை, டிவி இல்லை, யாராவது ஒரு ஆள் வந்து மக்கள் முன்னால் நின்று வாய்விட்டுச் சொன்னால்தான் செய்தி.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதை நான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுடையது முற்றுகை. முற்றுகைக்கு ஒரு வெளிப்பக்கம் உண்டு. தடைக்கு அங்காலே கொழும்பில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, செஞ்சிலுவைக் கப்பல் என்று ஒன்று இருந்தது, 2006இல் யாழ்ப்பாணத்துக்குத் தரையால் போகிற ஏ9 பாதையை மூடினபோது யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் கப்பல் எங்கள் திருகோணமலையில் இருந்துதான் போனது. ஃபோர்ஸ்ட்சென்னின் கதையில் கிட்டத்தட்டக் கடைசிவரைக்கும் வெளிப்பக்கம் எட்டாது. உதவி என்று ஒன்றும் வந்து சேருவதில்லை. அந்த வெறுமையைத்தான் ஜோ பரெட்டின் குரல் ஆறுதலாக இறக்கி வைக்கிறது, உதவி வரும் வரும் என்று பார்த்து, வராமலே அத்தியாயம் முடிகிறது.

இன்னொரு வித்தியாசம் இதைவிட ஆழமானது. பிளாக் மவுண்டன்காரர் தங்கள் ஊருக்கு வருகிற பெருந்தெருவை மறிக்கிறார்கள். நகரங்களில் இருந்து நடந்து வருகிற ஆயிரக்கணக்கான சனத்தை உள்ளே விட்டால் ஊர்ச் சாப்பாடு கொஞ்ச நாளில் முடிந்துவிடும், ஆகவே யாரை விடுவது, யாரைத் திருப்புவது என்று முடிவெடுக்கிறார்கள். வைத்தியர், தாதி, இஞ்சினியர் என்றால் உள்ளே வரலாம். மற்றவர்கள் நடக்கவேண்டும். கதை முழுக்க மறிப்புக்கு உள்பக்கம் நிற்கிறவர்களின் காதால்தான் எங்களுக்குக் கேட்கிறது. ஜோன் நல்ல மனிதர், மனம் நொந்துதான் செய்கிறார், அந்த நோவை நாவல் மறைக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த அத்தியாயங்களில் மனம் மறிப்புக்கு வெளியேதான் போய் நிற்கிறது. நாங்கள் எப்போதும் நடந்து வந்த பக்கம்தானே.

அலுவலகத்தில் மூதூர்க்காரர் ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்) இருக்கிறார், மதியம் சாப்பிடும்போது நான் கேட்கிற கதையை அவருக்கும் சொல்வேன். மறிப்புப் பகுதியைச் சொன்னபோது அவர் சோற்றில் கை வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். 2006 ஓகஸ்டில் மூதூரே எழும்பி நடந்தது, மாவிலாறில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் தொடங்கின சண்டை ஊருக்குள் வந்து, கிளிவெட்டிப் பக்கமாகக் கந்தளாய்க்கு. அவரும் பெண்சாதியும் கைக்குழந்தையும். எடுத்துக்கொண்டது பால்மாப் பை, காணி உறுதி, ஒரு போத்தல் தண்ணீர். “கந்தளாயில பள்ளிக்கூடமெல்லாம் திறந்து விட்டாங்க, சனம் சோத்துப் பார்சல் கொண்டு வந்து தந்துச்சு. நீ என்ன படிச்சிருக்கா, டொக்டரா நர்ஸான்னு ஒருத்தரும் கேட்கல” என்றார். அவருக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை என்று நினைத்தேன், ஆனால் இரண்டு நாள் கழித்து அவரே, “உள்ள நிக்கிறவனுக்கும் பிள்ளை இருக்கும்தானே. பிறகு என்ன செஞ்சாங்களாம்?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். அதில் இருந்து அவரும் கேட்கிறார்.

இதனால்தான் இந்தத் தொடரை எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்கவேண்டும் என்று நான் சொல்கிறேன். அமெரிக்க வாசகருக்கு இது நாளைக்கு நடக்கக்கூடிய பயங்கரம். எங்களுக்கு இதில் பாதி நடந்து முடிந்தது, மற்றப் பாதி நாங்கள் ஒருநாளும் நிற்காத இடத்தில் இருந்து சொல்லப்படுகிறது. ரேஷன் அட்டை என்றால் எங்களுக்கு உடனே சங்கக்கடை வரிசை கண்ணுக்குள் வரும். அகதி முகாமாக மாறின பள்ளிக்கூடம் என்றால் எந்தப் பள்ளிக்கூடம் என்று பெயர் சொல்லலாம். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினபோது ஐஸ் பெட்டிக்குள் மீனும் மருந்தும் என்ன ஆகும் என்று யோசிக்காத வீடு எங்கள் ஒழுங்கையில் இல்லை. அதே வருசம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியது, உப்புவெளிக் கரையில் வள்ளங்கள் தள்ளாமல் கிடந்தன. இவ்வளவையும் தலைக்குள் வைத்துக்கொண்டு கேட்கிற ஒரு ஆளுக்கு அந்த நாவல் கொடுக்கிறது வேறு அனுபவம்.

குறைகளும் இருக்கின்றன. ஜோன் அளவுக்கு மிஞ்சிப் பிரசங்கம் செய்வார். அமெரிக்கக் கொடி, இராணுவ மரியாதை, பழைய யுத்தங்களின் வீரம் என்று பக்கம் பக்கமாகப் போகும், அந்த இடங்களில் ஜோ பரெட்டாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெண்கள் நன்றாகத் தொடங்கி, போகப் போக ஜோனுக்குப் பக்கத்தில் நின்று கவலைப்படுகிற ஆட்களாகக் குறைந்துவிடுகிறார்கள். மகாலா என்ற தாதி ஊருக்குள் வருகிற விதம் எவ்வளவு பலமாக இருந்தது, அந்தப் பலத்தை ஆசிரியர் கடைசிவரை வைத்திருக்கலாம். சனம் இவ்வளவு கெதியில் ஒருத்தரை ஒருத்தர் அடித்துத் தின்னுகிற அளவுக்குப் போகும் என்பதையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை, எங்கள் அனுபவம் அப்படி இல்லை. ஆனால் அந்த நாட்டில் கடை மூடினால் வீட்டில் மூன்று நாள் சாப்பாடு இல்லை என்கிற நிலைமையை அவர் காட்டுகிற விதம் நம்பும்படி இருக்கிறது. அம்மா இதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தா: “அவைக்கு ஒரு மூடை நெல்லு வீட்டில கிடந்து பழக்கமில்லை.”

இரண்டாவது நாவல் முதலாவதின் உயரத்துக்கு வராது, என்றாலும் அதில் ஒரு கரு என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. ஊர் ஒருமாதிரித் தலை தூக்குகிற நேரத்தில், மத்திய அரசாங்கம் என்று சொல்லிக்கொண்டு ஒரு அதிகாரம் வருகிறது, வந்ததும் ஊர்ப் பிள்ளைகளைப் படைக்குக் கேட்கிறது. ஜோனின் மூத்த மகளின் பெயரும் அந்தப் பட்டியலில் வருகிறது. கட்டாய ஆட்சேர்ப்பு என்றால் என்னவென்று கிழக்கில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பகுதியை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை, அவவும் கேட்கவில்லை. மூன்றாவது அரசியல் சூழ்ச்சிக் கதையாகப் போய்விடுகிறது, வேகமாக ஓடும், பெரிதாக ஒட்டாது. நாலாவதை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்குச் சில விஷயம். வேகத்தைக் கூட்டாதீர்கள். ஒன்றரை மடங்கில் ஓடவிட்டால் கெதியில் முடியும்தான், ஆனால் இந்தக் கதைக்கு அந்த ஆறுதல்தான் சாரம், கெதியாகக் கேட்டால் பசியின் நீளம் காணாமல் போகும். இராணுவச் சொற்கள், ஆயுதங்களின் பெயர்கள் காதில் பிடிபடாவிட்டால் விட்டுவிடுங்கள், கதை நிற்காது. வீட்டில் வைஃபை இருக்கிற நேரமே முழுதாக டவுன்லோட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள், கங்கைப் பாலத்துக்கு அங்காலே சிக்னல் வரும் போகும். பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிற புத்தகம், படுக்கையில் கேட்டால் ஸ்லீப் டைமர் போடாமல் கேட்காதீர்கள், நித்திரையில் பத்து நாள் ஓடிவிடும், அந்தப் பத்து நாளுக்குள் ஊரில் பாதிச் சனம் போய்விடும்.

இந்தத் தொடர் கேட்கத் தொடங்கின பிறகு என் கண்ணுக்கு ஊரே மாறித்தான் தெரிகிறது. சீனக்குடாவைத் தாண்டும்போது காட்டுக்குள்ளே நிற்கிற பழைய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்க்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டினவை, 99 இருக்கின்றன, நிறைய வெறுமையாகத் துருப்பிடித்து, மேலே மரம் முளைத்து நிற்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டபோது இதில் ஒரு தாங்கி நாள்கணக்காக எரிந்தது. இப்படியான கதைக்கு இதைவிட ஒரு களம் வேண்டுமா? கொஞ்சம் தள்ளிப் பிறிமா மா ஆலை. கப்பல் வராவிட்டால் அதில் இருக்கிற கோதுமை எத்தனை நாள் வரும், யார் போய் அந்தக் கேற்றில் முதலில் நிற்பார்கள்? குடிநீர் கந்தளாய்க் குளத்தில் இருந்து குழாயில் வருகிறது, பம்ப் நின்றால் டவுனில் கிணறு தூர்க்காமல் வைத்திருக்கிற வளவுகள் எத்தனை? உப்புக்குக் குச்சவெளிப் பக்கம் உப்பளம் இருக்கிறது, அம்மாவின் முதல் பிரச்சினை தீர்ந்தது. மீனுக்குக் கடல் இருக்கிறது, ஆனால் எஞ்சின் இல்லாமல் துடுப்புப் போட்டுத் தோணி விடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம்? கரைவலைக்கு எஞ்சின் தேவையில்லை, ஆள்தான் தேவை. தெருவில் மாடுகளோடு மாடாகத் திரிகிற மான்களை யார் காப்பாற்றுவார்கள்? கோணேசர் கோயில் மலையில் நின்றால் இரண்டு பக்கமும் வருகிற கப்பலைக் காணலாம், இந்த ஊரை ஆண்ட ஒவ்வொருத்தனும் முதலில் பிடித்தது அந்த மலையைத்தான், ஆகவே காவலும் அங்கேதான் போடுவார்கள். பஸ்ஸில் இருந்து இதையெல்லாம் யோசித்துக்கொண்டே வருவேன், ஒரு நாவல் முழுதாகத் தலைக்குள் ஓடும்.

தமிழில் இப்படி ஒரு தொடர் வேண்டும் என்று எனக்குச் சரியான ஆசை. கரண்ட் இல்லாத ஊரில் நடக்கிற கதை, எங்கள் இடத்தில், எங்கள் பேச்சில், காதுக்கென்றே எழுதினது. இலங்கை வானொலி நாடகத்தைக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள், ஒரு குரலை வைத்துக்கொண்டு மணித்தியாலக்கணக்கில் இருக்க எங்களுக்குத் தெரியும். எழுதுகிறவர் மண்ணெண்ணெய்க் காருக்கும் ஜாம் போத்தல் விளக்குக்கும் ஆராய்ச்சி செய்ய எங்கேயும் போகத் தேவையில்லை, பக்கத்து வீட்டில் கேட்டால் போதும். அந்தத் தலைமுறை இப்போது அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

நான் போனில் அம்மாவைப் பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறேன். கேள்வி எழுதி வைத்துக் கேட்டால் அவ சுருக்கமாக முடித்துவிடுவா, ஆகவே நாவலில் இருந்து ஒரு துண்டைச் சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைத்துவிடுவேன். அந்தப் பிள்ளைக்கு மருந்து முடியப்போகுது அம்மா, தகப்பன் என்ன செய்யலாம் என்று கேட்டால், யாழ்ப்பாணத்தில் அந்த நாளில் யார் எப்படி மருந்து கொண்டு வந்தார்கள், எந்த டொக்டர் இரவில் கதவைத் திறந்தார், எந்த வீட்டில் கிடைக்காமல் போனது என்று அரை மணித்தியாலம் ஓடும். நானாவும் தன் நடையைப் பதியச் சம்மதித்திருக்கிறார், பெண்சாதியும் கூட இருக்கவேண்டும், அவவுக்குத்தான் எல்லாம் ஞாபகம் என்றார். இதற்கு வாசிப்புக் குரல் கொடுக்கக்கூடியவர்கள், ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் யாராவது திருகோணமலையில் அல்லது மட்டக்களப்பில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். தமிழில் ஏற்கெனவே இந்த வகை ஒலிநூல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், நாலாவது புத்தகம் முடிந்ததும் பஸ்ஸுக்கு எனக்கு ஒன்று வேண்டும்.